டீம் லீடர்களே, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கணக்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலிலும் லாட்ஜ் மாடியிலும், ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கிற நெட்வொர்க் மார்க்கெட்டிங் 'பிசினஸ் ப்ளான்' காட்டிக்கொண்டிருக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

எந்தக் கம்பெனி என்று நான் இதில் எழுதப்போவதில்லை. புரோட்டீன் பவுடர் விற்பவர், சோப்பும் டூத்பேஸ்ட்டும் விற்பவர், மூட்டுவலி எண்ணெய் விற்பவர், ஆன்லைன் கோர்ஸ் விற்பவர் என்று எல்லாருடைய கூட்டத்திலும் பேச்சு ஒன்றுதான், அதனால் இந்த மடலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உங்களில் ஒருவருக்குக் கீழே ஐடி போட்டு, அதாவது உறுப்பினராகச் சேர்ந்து, ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வேலையை முழு மனதோடு பார்த்தவள். வந்ததையும் போனதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் நோட்டைத்தான் இதுவரை ஒருவர்கூட எனக்குக் காட்டவில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கூட்டத்துக்கு வருகிற அம்மாக்கள் எதற்கு வருகிறார்கள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலைக்குப் போகிறவர். ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் இரண்டு மாதம் வேலை இருக்கும், அது முடிந்தால் அடுத்த வீடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான், ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு, மாமியாருக்கு முழங்கால் வலி. செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கேட்டேன். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள், தீபாவளி நேரத்தில் அதுவும் கிடையாது என்றார்கள். நாலு மணிக்கு வேனிலிருந்து இறங்குகிற பையனை யார் பார்ப்பது? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் வேலைக்கூடம் விடுகிற நேரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த அஞ்சு மணி நேரம்தான் இந்த ஊரில் எத்தனையோ படித்த பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. நான் பி.காம். படித்தவள். என்னைப் போல அழகப்பா பல்கலைக்கழகப் பட்டத்தை ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டு, ட்யூஷன் எடுக்கலாமா, தையல் பழகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

அந்த அஞ்சு மணி நேரம்தான் உங்களுக்குக் கதவு. 'வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்ற வரியை நீங்கள் ஆம்பிளைகள் நிறைந்த டீக்கடையில் சொல்வதில்லை, ஸ்கூல் வாசலில் வேனுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற எங்களிடம் வந்து சொல்கிறீர்கள். சுய உதவிக் குழுக் கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது, 'அஞ்சு நிமிஷம் உட்காருங்க அக்கா' என்று சொல்கிறீர்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. 'உங்க பொண்ணு டாக்டர் ஆக வேண்டாமா? நீங்க பட்ட கஷ்டத்தை அவளும் படணுமா?' என்று கேட்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையின் போட்டோவை ஒரு அட்டையில் ஒட்டி, பக்கத்தில் காரும் வீடும் ஒட்டி, தினமும் காலையில் பார்க்கச் சொன்னீர்கள். பெற்றவளுக்குத் தன் பிள்ளை மேல் இருக்கிற ஆசையைப் பிடித்து இழுத்து அதன் மேல் ஒரு பேக்கேஜை விற்பது எந்த வியாபார தர்மத்தில் வருகிறது என்று ஒருவராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். என் நோட்டிலிருந்து ஒரு மாதத்தை அப்படியே எழுதுகிறேன். ஐடி 'ஆக்டிவ்' ஆக இருப்பதற்காக, பிவி, அதாவது வாங்குகிற சரக்குக்குக் கம்பெனி போடுகிற பாயின்ட்டை, நிரப்புவதற்காக, அந்த மாதம் நான் வாங்கிய சரக்கு 3,200 ரூபாய். அதில் வெளியாட்களுக்கு விற்று வந்தது 1,400. மீதி என் வீட்டு அலமாரியில். மதுரையில் நடந்த ட்ரெய்னிங்குக்கு டிக்கெட், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 650. போன் ரீசார்ஜ் 299. கம்பெனி என் கணக்கில் போட்ட கமிஷன் 410. கையை விட்டுப் போனது 4,149, கைக்கு வந்தது 1,810. ஆக அந்த மாதம் வீட்டுப் பணத்தில் 2,339 ரூபாய் குறைந்திருக்கிறது. ப்ளான் கேட்க வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த காபியும் பலகாரமும் இதில் வரவில்லை, அத்தாச்சிக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் சும்மா கொடுத்த சாம்பிள் வரவில்லை, நான் போட்ட உழைப்புக்கு ஒரு பைசா கூலி வைக்கவில்லை. அதே மாதம்தான் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குக் கைதட்டினீர்கள். மைக்கில் நீங்கள் சொன்னது அந்த 410 ரூபாயை மட்டும்.

அலமாரியில் இருக்கிற சரக்கும் சொத்துத்தானே என்பீர்கள். தேதி முடிகிற பொருளை, கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிற மாதிரிப் பொருளை, நானே வாங்கி நானே தின்று நானே தேய்த்துக் குளித்தால் அது வியாபாரத்தில் வரவா, வீட்டுச் செலவா? பி.காம். முதல் வருஷத்துப் பிள்ளைக்குக்கூட இதற்குப் பதில் தெரியும்.

இந்த மண்ணில் நின்றுகொண்டு இதைப் பேச எனக்கு ஒரு உரிமை இருக்கிறதென்று நினைக்கிறேன். நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் 'கொண்டுவிக்க', அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்யப் போன காலத்தில், மூன்று வருஷம் ஏஜென்டாக இருந்துவிட்டுத் திரும்பினால் பேரேடும் ஐந்தொகையும் முதலாளி முன்னால் வந்தாக வேண்டும். எவ்வளவு முதல் போட்டது, எவ்வளவு வட்டி வந்தது, எது வராக்கடன், எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கும் கானாடுகாத்தானிலும் கோட்டையூரிலும் பழைய வீடுகளைத் திறந்தால் பெட்டி பெட்டியாகக் கணக்குப் புத்தகம் கிடக்கிறது. நான் அந்தச் சமூகத்துப் பெண் இல்லை, ஆனால் அந்த வீடுகளில் கணக்கு எழுதினவர்களும் சமைத்தவர்களும் கல் பதித்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். கணக்கைக் காட்டாத வியாபாரத்தை இந்த ஊரில் யாரும் வியாபாரம் என்று ஒத்துக்கொண்டதில்லை. நீங்கள் மட்டும் காரின் போட்டோ காட்டுகிறீர்கள், காசோலையின் போட்டோ காட்டுகிறீர்கள், தாய்லாந்து டூர் வீடியோ காட்டுகிறீர்கள், வரவுக்கு எதிரில் இருக்கிற பற்றுப் பக்கத்தை மட்டும் காட்டுவதில்லை.

உங்கள் ப்ளானை நீங்கள் போர்டில் போடுகிற மாதிரியே நானும் போட்டுப் பார்த்தேன். நீங்கள் அஞ்சு பேரைச் சேர்க்கிறீர்கள், அவர்கள் ஆளுக்கு அஞ்சு. 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125. ஏழே வரிசை. கூட்டினால் 97,655 பேர். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மொத்த மக்கள்தொகை 1,06,714. அதாவது கைக்குழந்தை, பாட்டி, பைபாஸில் லாரி ஓட்டுகிறவர் என்று கிட்டத்தட்ட ஊரே உங்களுக்குக் கீழே வந்தாகிவிட்டது. ஒன்பதாவது வரிசைக்கு மட்டும் 19,53,125 பேர் வேண்டும், அதே கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டம் முழுவதற்கும் இருந்தது 13,39,101 பேர். இன்னொன்றையும் பாருங்கள். அந்த 97,655 பேரில் 78,125 பேர் கடைசி வரிசை. ஐந்தில் நான்கு பேர். எந்த வரிசையில் நிறுத்தினாலும் இந்தப் பங்கு இதற்குக் கீழே குறையாது. அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது, அவர்கள் எவ்வளவு உழைத்தாலும், எத்தனை ஜூம் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும். அப்படியிருக்க, சம்பாதிக்காதவர்களைப் பார்த்து 'உங்களுக்கு மைண்ட்செட் இல்லை, நெகட்டிவ் ஆட்கள்' என்று எப்படி வாய் கூசாமல் சொல்கிறீர்கள்?

என்னிடமும் சொன்னார்கள். பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் பிவி போட முடியவில்லை. 'காரணம் சொல்றவங்க ஜெயிக்க மாட்டாங்க அக்கா' என்று எனக்கு மேலே இருந்த என் அப்லைன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இருக்கிறது. அவளுக்கு மேலே இருப்பவர் அவளை அப்படிப் பேசப் பழக்கியிருக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது, அதனால் அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மடல் அவளைப் பழக்கினவர்களுக்கு.

சொந்தபந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரமே 'நேம் லிஸ்ட் எழுதுங்க, நூறு பேர்' என்றீர்கள். எங்களுக்கு நூறு பேர் யார்? கூடப் பிறந்தவர்கள், கொழுந்தன் பெண்டாட்டி, நாத்தனார், மொய் எழுதுகிற வீடுகள், பிள்ளையின் டீச்சர். ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டு எழுந்தால் கையைப் பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை பேசுகிறவர்கள் நாங்கள். இப்போது உங்கள் ஆட்களில் ஒருத்தி மண்டபத்துக்குள் வந்தால் பெண்கள் பந்தி முடிந்ததும் பின்வாசல் வழியாகக் கிளம்புகிறார்கள். தன் நாத்தனாரிடம் பேக்கேஜ் விற்று, அந்த நாத்தனார் வீட்டில் பிரச்சினையாகி, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் என் தெருவிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் ராத்திரியில் ஓடி வருகிறவர்கள் இந்த உறவுகள்தான். நாலு மணிக்கு வேனிலிருந்து பிள்ளையை இறக்கி வைத்துக்கொள்கிறவர்களும் இவர்கள்தான். இதை இழந்துவிட்டு ஒரு தாய் எந்த வேலைக்கும் போக முடியாது.

இந்த வியாபாரத்தையே ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொருளை வாங்குகிறவருக்கு அது வேண்டும், நியாயமான விலை, விற்றவருக்குக் கமிஷன் என்று இருந்தால் அதில் என்ன தப்பு? கண்டாங்கிச் சேலையை வாட்ஸ்அப்பில் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். பனையோலைக் கொட்டான் பின்னி விற்கிறார்கள். நான் இப்போது ஒரு பலகாரக்கார அக்காவோடு சேர்ந்து கல்யாண ஆர்டருக்கு மாவுருண்டையும் சீப்புச் சீடையும் செய்கிறேன், பையன் ஸ்கூலில் இருக்கிற நேரத்தில். பெரிய வருமானம் இல்லை, நெய் விலை ஏறினால் கையைக் கடிக்கிறது. ஆனால் சீடை வாங்கினவர் சீடையைத் தின்றால் போதும், அவர் அஞ்சு பேரைச் சீடை விற்கச் சேர்த்துவிட வேண்டியதில்லை.

சட்டமும் இதே வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. 2016இலேயே மத்திய அரசு கொடுத்த வழிகாட்டு நெறிகளில் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, விற்க முடிகிற அளவுக்கு மேல் சரக்கு வாங்கச் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. அப்புறம் 2021 டிசம்பர் 28ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் வந்தன. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுற்றுகிற பிரமிடு திட்டத்துக்கு அதில் தடை. விற்பவரோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. முக்கியமாக, 'நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்பிவிடும்' என்று சொல்லிப் பொருளை வாங்க வைக்கக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. உங்கள் கூட்டத்தில் நான் கேட்ட முதல் வாக்கியமே அதுதான். பணச் சுழற்சித் திட்டத்துக்கு 1978ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது. சர்க்கரை நோய் குணமாகும் என்று பவுடருக்கு விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை. என் மாமியாரிடம் ஒரு லீடர் 'சுகர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம் அம்மா' என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன். நல்லவேளை அவர் விடவில்லை.

சட்டம் இவ்வளவு இருந்தும் புகார் ஏன் வருவதில்லை என்று மாவட்ட நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் கேட்கலாம். பணம் உள்ளே இருக்கிறவரை யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். புகார் கொடுத்தால் கம்பெனி முடங்கும், முடங்கினால் போட்டது போய்விடும் என்ற பயம். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஒரு கம்பெனி மேல் வழக்கு வந்தபோது அதன் உறுப்பினர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து கம்பெனிக்கு ஆதரவாக நின்றார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது ஊர் ஊராகப் பார்த்தோம், கடைசி நாள்வரை நம்பினவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். அதற்கு மேல், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவள் எந்த ஸ்டேஷனுக்குப் போய் என்ன சொல்வாள்? விதிகளின்படி நேரடி விற்பனையைக் கண்காணிக்க மாநில அரசு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு வட்டார அளவில், மகளிர் குழுக் கூட்டத்துக்கே வந்து பேசுகிற அளவில் எங்களுக்குத் தேவை.

இனி உங்களிடம் கேட்பது. அடுத்த கூட்டத்தில் ப்ளான் போடுவதற்கு முன்னால், உங்கள் சொந்த ஐடியின் கடைசிப் பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கமிஷன் எவ்வளவு, அதே ஐடியில் வாங்கின சரக்கு எவ்வளவு, பயணம், ஹால் வாடகை, டிக்கெட் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. ட்ரெய்னிங் டிக்கெட் விற்று வருகிற பணம் உங்களுக்கு உண்டென்றால் அதையும் தனியாகக் காட்டுங்கள், ஏனென்றால் அது பொருள் விற்ற வரவு இல்லை, எங்களிடமிருந்து வந்த வரவு. உங்களுக்குக் கீழே இருப்பவர்களில் போட்டதைவிட அதிகம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள், கம்பெனி ஆப்பில் உங்களுக்கு அது தெரியும். ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வர ஒரு வாரம் விடுங்கள். 'இன்னிக்கு ராத்திரிக்குள்ள சேர்ந்தா ஆஃபர்' என்று சொல்லாதீர்கள். விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாளைக்குள், எவ்வளவு பிடித்துக்கொண்டு என்பதைக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

குழுக் கடனைத் தொடாதீர்கள். பெண்கள் வாராவாரம் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுகிற பணம் அது. மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை வருகிறதே, அதைப் பிவிக்குப் போடுங்கள் என்று சொல்கிற வேலையையும் விடுங்கள், அதில் எத்தனையோ வீட்டுக் கேஸும் மாத்திரையும் ஓடுகிறது. ஸ்கூல் வாசலுக்கு வராதீர்கள். எங்கள் பிள்ளைகளின் போட்டோ உங்கள் ஸ்லைடில் வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிற அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், பில், ஸ்க்ரீன்ஷாட், பணம் அனுப்பின ரசீது எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அஞ்சு லட்சம் ரூபாய் வரை கொடுத்த விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. டெபாசிட் மாதிரிப் பணம் வாங்கியிருந்தால் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள், எனக்குச் சொன்னால் நானும் கூட வருகிறேன்.

நூறடி ரோட்டில் உங்களுடைய அடுத்த கூட்டத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் சிலரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களோடு நானும் வருவேன், என் நோட்டை எடுத்துக்கொண்டு. கேள்வி கேட்க ஆரம்பித்தால் வெளியே அனுப்புவது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அனுப்பினால் மண்டப வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொரு அம்மாவிடமும் அந்த ஒரு மாதக் கணக்கைக் காட்டுவேன். அதைவிட நல்ல கணக்கு உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், அதையும் எல்லாருக்கும் முன்னால் படித்துவிடுவோம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து, உங்கள் டவுன்லைனில் இருந்த ஒரு தாய்